மகமையும் நன்கொடையும்



வளர்ந்த வியாபாரி, வளராத தன் மக்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்ற கேள்வி நமது சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழும். "அது அவரவர் தர்ம சிந்தனையைப் பொறுத்தது" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம். அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவோம். அந்தப் பதிலில் நமக்கு உடன்பாடு கிடையாது. நம் தென்மாவட்டத்தில் வியாபாரத்தைக் கொண்டே தலைநிமிர்ந்த ஒரு சமூகம் உண்டு. அது யாருடைய தர்ம சிந்தனையாலும் நிமிரவில்லை. மூடைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துக் கறாராக வசூலித்த மகமையால் நிமிர்ந்தது.

நாடார் சமூகத்தைத்தான் சொல்கிறோம். நாமும் அதில் பிறந்தவர்களே. இந்த இதழ் எல்லாச் சமூகத்து வணிகர்களுக்கும் உரியது என்பதை மறந்து எழுதவில்லை. நகரத்தாரின் கோயில் மகமையும் காயல்பட்டினத்து வணிகர்களின் ஜகாத்தும் இதே வழியில் வந்தவைதான். ஆனால் தெரிந்த வீட்டுக் கணக்கைப் பேசினால்தான் தைரியமாகப் பேச முடியும்.

தாமிரபரணி பாயும் இடமெல்லாம் வயல். ஆற்றுக்குத் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரிப் பக்கம் போனால் செம்மணல் தேரி. ஆற்றுத் தண்ணீர் அங்கே எட்டாது. பனை ஒன்றுதான் பயிர். பனையேறியை ஊர் எப்படி நடத்தியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். கோயிலுக்குள் போகக் கூடாது. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரிலோ பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் போராடி, 1859-இல்தான் அரசாணை பெற்றார்கள். இந்த நிலையில் இருந்தவர்களில் சிலர் கருப்பட்டியையும் கருவாட்டையும் மாட்டு வண்டியில் ஏற்றி வடக்கே போனார்கள். வழியில் கொள்ளை பயம். அதனால் வண்டிகளை அவிழ்த்துப் போட மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டையில் தங்கும் வண்டிக்கு இவ்வளவு, விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று பிடித்த பணமே மகமை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் உறவின்முறை என்ற அமைப்பு அந்தப் பணத்தை நிர்வகித்தது. முறைக்காரர் என்ற பொறுப்பு ஒருவரிடமே தங்காமல் முறை வைத்து மாறி வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகமை லாபத்திலிருந்து கொடுத்ததல்ல. மூடை தராசில் ஏறும்போதே பிடித்தது. அந்த மாதம் வியாபாரிக்கு நஷ்டமானாலும் மகமை போய்ச் சேர்ந்துவிடும். பெரிய முதலாளி, சின்னக் கடைக்காரர் என்ற வித்தியாசம் விகிதத்தில் இல்லை. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் பழக்கமும் அதற்குத் தேவைப்படவில்லை. எல்லோரும் கொடுப்பதற்கு எதற்குக் கல்வெட்டு?

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். விருதுநகரில் 1880-களில் க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் எழுந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அங்கே படித்த ஒரு பையன், குடும்பக் கஷ்டத்தால் பாதியில் நிறுத்திவிட்டு மாமா துணிக்கடையில் வேலைக்கு நின்றான். அவர்தான் 1954-இல் முதலமைச்சர் ஆனார். அன்று நமது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிடியரிசிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவருக்கு, பசித்த பிள்ளை பாடத்தைக் கவனிக்காது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தச் சோற்றில் சாதிக் கணக்கும் இல்லை.

1910-இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முன்முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சங்கம் உதவிப் பணம் கொடுத்தது, பெரும்பாலும் கடனாகக் கொடுத்தது. படித்து முடித்து வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்ட வேண்டும். அதை வைத்து அடுத்த பிள்ளை படிக்கும். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. அதுவே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. வெளியே ஈடு கேட்டார்கள். இங்கே ஆள் யார் என்று தெரிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இவையெல்லாம் அமைதியான காலத்தில் நடந்தவை என்று நினைக்கக் கூடாது. கமுதி கோயில் நுழைவு வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. வளர்ந்தார்கள் என்பதே அன்று குற்றமாகத் தெரிந்தது. பழைய பகையைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று எல்லாச் சமூகத்தாரும் ஒரே மார்க்கெட்டில் தோளோடு தோள் நின்று வியாபாரம் செய்கிறோம்.

நாடார் வங்கி திறந்த அதே 1921-இல், அமெரிக்காவில் டல்சா என்ற நகரில் கறுப்பின மக்களின் கடைவீதி ஒன்று எரிக்கப்பட்டது. மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாளில் கிரீன்வுட் என்ற அந்தப் பகுதியில் சுமார் 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. ஓட்டல், சினிமாக் கொட்டகை, பலசரக்குக் கடை எல்லாம் அவர்கள் சொந்தமாக வைத்திருந்தவை. அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் கடை வைத்து முன்னேறியதைப் பொறுக்காத கூட்டம் செய்த வேலை. சிவகாசியை அறிந்தவர்களுக்கு டல்சாவை விளக்க வேண்டாம்.

அந்த மக்களும் நாம் இங்கே எழுப்பும் கேள்வியை நூறு வருடத்துக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களிலே மேடம் வாக்கர் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1867-இல் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஏழு வயதில் அநாதை. துணி துவைத்துப் பிழைத்தவர், தலைமுடிக்கான தைலம் தயாரித்து விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தார். 1917-இல் பிலடெல்பியா நகரில் தம் விற்பனைப் பெண்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார். அது எல்லா முதலாளியும் செய்வது. கூடவே, தம் ஊர் ஏழைகளுக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார். டீலர் மீட்டிங்குக்குப் போய்த் தங்க நாணயமும் வெளிநாட்டுப் பயணமும் வாங்கி வருகிறோமே, என்றைக்காவது ஒரு கம்பெனி நம்மிடம் "உன் தெருவுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறதா?

டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903-இல் ஒரு கட்டுரை எழுதினார். நூற்றுக்குப் பத்துப் பேரை நன்றாகப் படிக்க வைத்துவிட்டால், அவர்கள் மீதித் தொண்ணூறு பேரைக் கைதூக்கி விடுவார்கள் என்பது அதன் சாரம். 45 வருடம் கழித்து, 1948-இல், அதே அறிஞர் வசதி படைத்த தம் மக்கள் முன் நின்று வேறு விதமாகப் பேசினார். படித்தவர்கள் தியாகம் செய்வார்கள் என்று தாம் நம்பிக் கொண்டதையும், அவர்கள் தங்கள் சுகத்தை மட்டும் பார்க்கும் கூட்டமாகப் போய்விடக் கூடும் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். நம் நாட்டில் அம்பேத்கரும் 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது இதே வேதனையைத்தான் வெளியிட்டார். படித்து உத்தியோகம் பெற்றவர்கள் தம் கிராமத்து மக்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எண்ணியிருந்தார், அவர்கள் பார்க்கவில்லை.

உத்தியோகஸ்தருக்கு மட்டும்தான் இந்த நோய் என்று வியாபாரிகள் நாம் மார்தட்ட முடியாது. ஏறியபின் இறங்கிப் பார்க்காத பழக்கம் நம்மிடமும் வந்து வெகு நாளாகிறது. 1990-களில் மேற்சொன்ன வங்கியின் பெரும்பகுதிப் பங்குகள் வெளியார் கைக்குப் போயின. மீட்கக் குழு அமைத்து, ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பணம் திரட்டும்படி ஆனது. ஆனால் பங்கை நல்ல விலைக்கு விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை மேடையில் யாரும் அதிகம் பேசவில்லை. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்த விஷயம் அதைவிடக் கசப்பானது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது. மகமை வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டிய ஜில்லாவில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கோர்ட் ஒரு மகமை போட வேண்டி வந்தது.

இன்று நம்மில் கொடுப்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெரிதாகவும் கொடுக்கிறார்கள். காயாமொழியில் பிறந்த ஆதித்தனார் 1965-இல் திருச்செந்தூரில் கல்லூரி தொடங்கினார். அந்த வட்டாரத்திலேயே பிறந்த சிவ நாடார் கம்ப்யூட்டர் தொழிலில் உலகப் பெயர் பெற்று, கல்விக்கென்றே அறக்கட்டளை நடத்துகிறார். இவற்றை நாம் குறைத்துப் பேச மாட்டோம். நாம் பேசுவது நம்மைப் போன்ற நடுத்தர முதலாளிகளைப் பற்றி. கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்து, வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதில் பெயரெழுதுகிற நம்மைப் பற்றி. கல்யாண மண்டபத்துக்கு லட்சம் கொடுப்போம். கொடை விழாவுக்கு வாணவேடிக்கை நமது உபயம். அதெல்லாம் நன்கொடை. மனசு வந்தால் கொடுப்பது, மனசு வராவிட்டால் கொடுக்காதது. யாருக்கு எது தேவை என்பதையும் கொடுப்பவரே முடிவு செய்கிறார். மகமை அப்படி இருக்கவில்லை.

கருப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெருமைதான். பனையேறி விடிவதற்கு முன்னே மரத்தில் இருப்பார். பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, சாயங்காலம் மறுபடி ஏறுவார். ஒரு நாளைக்கு எத்தனை மரம், ஒரு மரத்துக்கு எத்தனை தடவை என்று பெருக்கிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் வெயிலில் விறகடுப்பு முன் நின்று பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். இத்தனையும் பருவத்து சில மாதங்களில். மீதி மாதத்துக்கு வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கியவர் சரக்கை முன்பணம் கொடுத்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். பருவத்தில் விலை இறங்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் ஏறும். ஏறும் விலை பரணில் அடுக்கி வைத்தவருக்குத்தான். ஏறி இறக்கியவருக்குக் கிடையாது. பாதிக்குமேல் சீனியைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பவர்கள் வேறு. அதனால் சுத்தமான சரக்கின் விலையும் விழுகிறது. பனையேறும் தொழிலுக்கு இளைஞர் வருவதில்லை என்று மாநாட்டில் வருத்தப்படுகிறோம். எந்தக் கணக்கை நம்பி வருவார்கள்? பேட்டையில் மகமை கொடுத்த முதல் வண்டியில் இருந்தது இந்தக் கருப்பட்டிதானே. முன்பணத்தைச் சரக்கு விலையோடு முடிச்சுப் போடாமல் தனிக் கடனாகக் கொடுப்பதும், மழைக்கால விலையில் ஒரு பங்கை இரண்டாம் தவணையாகப் பனையேறிக்குக் கொடுப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. இரண்டு பேரேடு எழுதினால் போதும்.

அடுத்தது கடைப் பையன். சென்னையிலும் மதுரையிலும் 'அண்ணாச்சி கடை' என்று தெருவுக்குத் தெரு நிற்கிறதே, அது எப்படி வந்தது? நெல்லைச் சீமைக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில், பதினைந்து வயதில் ஒரு பையன் போவான். பொட்டலம் மடிப்பான், மூடை தூக்குவான், கடையிலேயே படுப்பான். அது சுகமான வாழ்க்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை இன்று வேலைக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம், நியாயப்படியும் குற்றம். ஆனால் அன்றைய ஏற்பாட்டில் ஒரு எழுதாத ஒப்பந்தம் இருந்தது. பத்து வருடம் உண்மையாக உழைத்தவனுக்கு முதலாளி இடம் பார்த்துக் கொடுப்பார். மொத்தக் கடையில் போய், "நம்ம பையன், சரக்குப் போடுங்க, நான் இருக்கேன்" என்று சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைதான் முதல். அப்படி முளைத்த கடைகள் ஆயிரக்கணக்கில். இன்று நம் கடைகளில் மூடை தூக்குகிறவர்கள் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். நம்மூர்ப் பெண் பிள்ளைகள் பெருநகரத்துப் பெரிய ஜவுளி மாளிகைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை கால் கடுக்க நின்றார்கள். கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. நாற்காலிக்கு ஒரு சட்டம்! முதலாளியும் நின்று வளர்ந்தவர்தான். அதனால்தானோ என்னவோ, நிற்பது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பத்து வருடம் வேலை செய்த ஒடிசாப் பையனுக்கு "நான் இருக்கேன்" என்று யார் சொல்வது?

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிக்கலாம். "நம் சமூகத்துக்குச் செய்வது நியாயம், ஊரான் பிள்ளைக்கெல்லாம் நாம் ஏன்?" என்பார்கள். அவர்களுக்கு 1939 ஜூலை 8-ஆம் தேதியை நினைவுபடுத்துகிறோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அன்று வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனது கக்கன் உள்ளிட்ட ஆதிதிராவிடர் ஐந்து பேரையும் விருதுநகர் சண்முக நாடாரையும். ஒரே வாசல், ஒரே வேளை. வாசலைத் தாண்டும்போது ஒன்றாக இருந்தவர்களில் ஒரு சாரார் கடைவீதிக்குள்ளும் வந்துவிட்டோம். மற்றவர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? நமது டவுண் கடைத்தெருவை ஒரு தடவை நடந்து எண்ணிப் பாருங்கள். காலனியிலிருந்து ஒரு படித்த பையன் பலசரக்குக் கடை வைக்க வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு இடம் கேட்டால் இழுத்தடிக்கிறோம். சரக்கு ரொக்கத்துக்கு மட்டும் என்கிறோம். நம் சொந்தக்காரப் பையனுக்கு 15 நாள் தவணை. இவனுக்கு ஏன் இல்லை என்றால், "தெரிந்த ஆள் சொன்னால் கொடுப்போம்" என்கிறோம். அவனுக்குத் தெரிந்த ஆள் எப்படி இருப்பார்? அவன் அப்பாவை எந்தக் கடையிலும் நாம் வேலைக்கு வைக்கவில்லையே. வங்கிக்காரன் நம் பாட்டனாரிடம் ஈடு கேட்டுத் திருப்பி அனுப்பினான். அதற்காகத்தான் நாம் சொந்த வங்கி வைத்தோம். மதில் கட்டிய பேட்டை கொள்ளைக்குப் பயந்து கட்டியது. இன்று வெளியே நிற்பவன் கொள்ளைக்காரன் அல்ல. சரக்குக் கேட்டு வந்தவன்.

"இருக்கிற கஷ்டத்தில் இது வேறா?" என்ற குரலும் நம் காதில் விழாமல் இல்லை. ஜி.எஸ்.டி. 2017-இல் வந்ததிலிருந்து கணக்கு எழுதவே ஒரு ஆள். ஆன்லைன்காரன் வாசலுக்கே சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கம்பெனி நமக்குத் தரும் விலைக்குக் கீழே சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறான். உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் நம் முன்னோர்கள் மகமை பிடித்தது கொழித்த காலத்தில் அல்ல. வண்டியை வழிமறித்த காலத்தில். கடைக்குக் கூட்டம் குறையும்போது "உள்ளூர் வியாபாரியை ஆதரியுங்கள்" என்று நோட்டீஸ் அடிக்கிறோம். மே 5 வணிகர் தினத்தில் கடையடைத்து, மக்கள் நம் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கிறோம். தெருக்காரர்கள் திருப்பிக் கேட்கமாட்டார்களா, நீங்கள் எங்கள் பக்கம் எப்போது நின்றீர்கள் என்று? அமெரிக்காவில் தனித்தனிக் கடை என்ற சட்டம் ஒழிந்ததும் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளுக்கும் போகத் தொடங்கினார்கள். அவர்களுடைய சொந்தக் கடைவீதிகள் பல ஊர்களில் வாடிப் போயின. வாடிக்கையாளர் பிறப்பால் வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

ஆகவே ஒரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். பல மொத்தக் கடைகளின் பழைய பில்லில் 'மகமை' என்று ஒரு கலம் இருந்தது. கம்ப்யூட்டர் பில் வந்தபின் பலர் அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கலத்தைத் திரும்பக் கொண்டு வருவோம். மூடைக்கு 1 ரூபாய், மொத்த வியாபாரிகள் மட்டும். சில்லறைக் கடைக்காரர் மேல் ஏற்றக் கூடாது. நாள் ஒன்றுக்கு 100 மூடை தள்ளும் கடைக்கு 100 ரூபாய். மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் 2,500. நம் கடை டீச் செலவு அதைவிடக் கூடும். வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டு, முறையாகப் பதிவு செய்த அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். கையில் வைத்துக்கொள்வது கூடவே கூடாது.

இந்தப் பணத்தில் கட்டடம் வேண்டாம், சிலை வேண்டாம், விழா வேண்டாம். புதிதாகக் கடை வைக்கும் ஆளுக்கு, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும், சரக்குக் கடனுக்குச் சங்கம் ஜாமீன் நிற்கட்டும். கடைகளில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு முதலிடம். கடன் திரும்பி வந்தால் அடுத்தவருக்குப் போகும். வராமல் போனால் மகமை தாங்கும். எல்லாக் கடனும் வந்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். பொறுப்பாளர் வருடத்துக்கு ஒருவர், முறை வைத்து மாற வேண்டும். தொடர்ந்து இரண்டாம் தடவை கிடையாது. மாதக் கணக்கைச் சங்கக் கட்டட வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும். யார் கொடுத்தார் என்ற பெயர்ப் பட்டியல் தேவையில்லை, யார் கொடுக்கவில்லை என்பதை மட்டும் போட்டால் போதும்.

இதைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். வழிமொழிய ஒரு கையெழுத்து வேண்டும். வரும் பொதுக்குழுவுக்கு முன் மதியம் 2 மணிக்குமேல் கடைக்கு வந்தால் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம். எதிர்த்துப் பேச நினைப்பவர்களும் வரலாம்.